செம்பு எதைப் பார்க்கிறதோ அதுவே படத்தில் தெரியும்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முகநூல் வழியே பொருள் விற்போர் பெருகிவிட்டார்கள். மருதமுனைக் கைத்தறிச் சேலையையும் சாரனையும் அவர்கள் எடுத்துப் போடும் படங்களில் பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை. நெசவின் நெருக்கமும் கரையின் நிறமும் உள்ளபடி தெரிகின்றன. அதே கை ஒரு குத்துவிளக்கையோ வெற்றிலை வட்டாவையோ தங்கக் காப்பையோ படம்பிடிக்கும்போதுதான் எல்லாம் குழம்பிவிடுகிறது. விளக்குத் தண்டில் ஜன்னல் கம்பி தெரிகிறது. வட்டாவின் நடுவே கைத்தொலைபேசியோடு ஓர் ஆள் நிற்கிறார். காப்பில் ஓரிடம் வெளுத்துப்போய், மற்ற இடமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. "நல்ல கமரா இருந்தால் சரிவரும்" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. பளபளக்கும் பொருளைப் படமெடுக்கும்போது கமராவின் விலையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், அந்தப் பொருளைச் சுற்றி என்னென்ன நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.

துணியின் மேல் விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. ஆகையால் விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் சேலை சேலையாகவே தெரியும். மெருகேற்றிய உலோகம் ஒளியைச் சிதறவிடாது. படுகோணமும் தெறிகோணமும் சமம் என்று பாடசாலையில் படித்த விதிப்படி அதை ஒரே திசையில் திருப்பி அனுப்பிவிடும். கமரா இருக்கும் இடத்திலிருந்து அந்தக் கோணத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், மறுமுனையில் என்ன இருக்கிறதோ அதுவே உலோகத்தின் மேல் தெரிகிறது. அங்கே வெளிச்சம் பட்ட வெள்ளைத் துணி இருந்தால் உலோகம் ஒளிரும். திறந்த கதவின் இருட்டு இருந்தால் கறுக்கும். எவ்வளவு வலுவான பிளாஷை வேறொரு பக்கத்திலிருந்து அடித்தாலும் அந்தக் கறுப்பு அசையாது. தட்டையான தாம்பாளத்துக்கு இந்தக் கோணங்களின் எல்லை சிறியது என்பதால் சமாளித்துவிடலாம். வயிறு பருத்த செம்போ சுவர், கூரை, மேசை, கமரா, எடுப்பவரின் சட்டை என்று அறை முழுவதையும் தன் மேனியில் சுருக்கி வைத்துக்கொள்ளும். (சிவப்புச் சட்டை அணிந்து சில்வர் பாத்திரம் படமெடுக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

இதற்கு மருந்தாக விற்கப்படுவது வெள்ளைத் துணியால் செய்த பெட்டிக் கூடாரம். நான் பார்த்த வீட்டுக் கடைகள் பலவற்றில் அது இருக்கிறது. பொருளை உள்ளே வைத்தால் ஜன்னலும் ஆளும் மறைந்துவிடுவது உண்மைதான். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உலோகத்தில் வளைவும் தெரியாது, விளிம்பும் தெரியாது. சில்வர் குவளை சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குவளையாகிவிடுகிறது, பித்தளை மஞ்சள் மை பூசிய மண்பாண்டமாகிவிடுகிறது. உலோகம் உலோகமாகத் தெரிய வேண்டுமானால் அதன் மேல் வெள்ளையும் கறுப்பும் அருகருகே விழ வேண்டும். இன்னொரு விளக்கு வாங்கப் பணம் சேர்ப்பவர்களிடம், முதலில் ஒரு கறுப்பு பிரிஸ்டல் போர்ட் அட்டை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக்கொள்வோம். புளி போட்டுத் துலக்கிக் கழுவி, ஈரம் போக மெல்லிய துணியால் துடைத்த பின் வெறும் விரல் அதில் படக்கூடாது. கல்லடி போன்ற கரையோரத்தில் உப்புக் காற்றில் பித்தளை விரைவில் மங்கும் என்பதால், படமெடுக்கும் அன்றே துலக்குவது நல்லது. செம்பின் இடப்பக்கத்தில், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு உயரமான சட்டம் ஒன்றில் டிரேசிங் தாளை இழுத்து ஒட்டி நிறுத்திவிட்டு, விளக்கைத் தாளுக்குப் பின்னால் வைக்க வேண்டும். விளக்கைத் தாளுக்கு நெருக்கினால் நடுவில் பிரகாசமும் ஓரங்களில் மங்கலுமாக ஓர் ஒளித்திட்டு உண்டாகி, செம்பின் வயிற்றில் வெளிர் பொன்னிறத்திலிருந்து அடர்ந்த மஞ்சளுக்கும் பிறகு பழுப்புக்கும் மெல்ல மெல்ல இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் கண் வளைவை அறிந்துகொள்கிறது. விளக்கைப் பின்னுக்கு இழுத்தால் தாள் முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்து, கூரிய விளிம்புடைய ஒளிப்பட்டை ஒன்று செம்பில் விழும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு முன்னையதே பிடிக்கும். வலப்பக்கத்தில் அந்த ஒளியைத் திருப்பிவிட ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை போதும். அதன் பிறகு பிரிஸ்டல் போர்டை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, செம்பின் இருபுறமும் சற்றுப் பின்னால், படத்துக்குள் வராதபடி நிறுத்திப் பாருங்கள். அதுவரை வெள்ளைப் பின்னணியோடு கரைந்துகொண்டிருந்த விளிம்பில் மெல்லிய இருள்கோடு ஓடி, செம்பு தனியாக எழுந்து நிற்கும். அட்டையை ஓர் அங்குலம் நகர்த்தினால் கோடு தடிக்கிறது, இன்னோர் அங்குலம் நகர்த்தினால் காணாமல் போகிறது. ஸ்டூடியோவில் நேரத்தைத் தின்பது இந்த அங்குலங்கள்தான்.

வளைந்த பரப்பில் கமராவின் உருவத்தை முற்றாகத் தவிர்க்க முடியாது, சிறிதாக்கத்தான் முடியும். 100 மி.மீ. போன்ற நீண்ட வில்லையோடு தள்ளி நின்று எடுத்தால் அது புள்ளியாகச் சுருங்கும். கைத்தொலைபேசியில் எடுப்பவர்களும் பொருளின் மேல் கவிழ்ந்து நிற்காமல், இரண்டு அல்லது மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் வில்லையைத் தெரிவுசெய்து பின்னுக்கு நகர வேண்டும்.

அடிக்கடி கேட்கும் இரண்டு அறிவுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. கண் கூசும் மினுக்கத்தைக் குறைக்க விளக்கைத் தள்ளி வையுங்கள் என்பது ஒன்று. துணிக்கும் முகத்துக்கும் அது பொருந்தும். உலோகத்தில் தெரிவது விளக்கின் உருவம் என்பதால், தள்ளி வைத்தால் அந்த உருவம் சிறுக்குமே தவிர மங்காது. முன்பு ஒரு திட்டாக இருந்தது இப்போது ஊசிமுனையாகிக் கண்ணைக் குத்தும். செய்ய வேண்டியது நேர்மாறானது: ஒளி பரப்பும் தாளைப் பெரிதாக்கிப் பொருளுக்கு அருகே கொண்டுவர வேண்டும். மற்றொன்று, வில்லையின் முன்னால் போலரைசர் வடி போட்டால் எல்லாத் தெறிப்பும் போய்விடும் என்பது. 1808ஆம் ஆண்டில் மாலுஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் பாரிஸின் லக்சம்பேர்க் மாளிகை ஜன்னல்களில் தெறித்த சூரிய ஒளியைப் பளிங்கு ஒன்றினூடாகப் பார்த்துத்தான் தெறிப்பினால் ஒளி முனைவாக்கப்படுவதை, அதாவது ஒரே தளத்தில் அதிரும்படி ஆவதைக் கண்டார். அப்படி முனைவான ஒளியை மறிப்பதுதான் இந்த வடியின் வேலை. அவர் பார்த்தது கண்ணாடியை. கண்ணாடிக்கு ஏறத்தாழ 56 பாகைக் கோணத்தில் அந்த வடி அற்புதமாக வேலை செய்யும். சட்டமிட்ட படத்துக்கும் வார்னிஷ் பூசிய மரத்துக்கும் நானும் அதைப் பயன்படுத்துகிறேன். மெருகேற்றிய வெற்று உலோகத்தின் தெறிப்பை அது அடக்குவதில்லை. செம்புக்கென்று அதை வாங்குவது வீண்செலவு.

காத்தான்குடியிலும் கல்முனையிலும் உள்ள நகைக்கடைகளுக்குப் படமெடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. தங்கம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், வெள்ளை அட்டையின் தெறிப்பும் அதில் பொன்னிறமாகவே தெரியும். படச்சட்டம் முழுவதும் மஞ்சளைக் காணும் கமராவோ, விளக்குத்தான் மஞ்சளாக இருக்கிறதென்று எண்ணித் தானாகவே நீலத்தைக் கூட்டி, 22 கரட் நகையை வெளிறவைத்துவிடுகிறது. சாம்பல் அட்டை ஒன்றை முதலில் படமெடுத்து நிறச்சமநிலையை நிலைப்படுத்திவிட்டால் இது தீரும். கல் பதித்த அட்டியலுக்கு இன்னொன்றும் தேவை. உலோகத்தை அழகாக்கும் பெரிய மென்மையான ஒளி கற்களை உயிரற்றதாக்கிவிடும். ஒரு சிறிய எல்.இ.டி. புள்ளி ஒளியைத் தனியாகக் காட்டினால்தான் கல் மின்னும்.

தெறிப்பை எல்லாம் மென்பொருளில் அழித்துவிட்டு, எங்கிருந்தோ எடுத்த மினுக்கத்தை ஒட்டும் பழக்கமும் பரவுகிறது. தூசியை நீக்குவதில் பிழையில்லை. ஆனால் முலாம் பூசிய காப்பும் பவுண் காப்பும் ஒரே மஞ்சளாக, ஒரே மினுக்கத்தோடு வந்து நிற்கும்போது, படத்தை மட்டும் நம்பி முற்பணம் அனுப்பும் பெண்ணுக்கு எதை வாங்குகிறோம் என்று அறிய வழியே இல்லை. மேசையில் அட்டையை நகர்த்தி எடுத்த தெறிப்பு, குறைந்தபட்சம் அந்தக் காப்பின் மேல் உண்மையாகவே விழுந்த ஒன்று.

"ஒரு காப்புக்கு இவ்வளவு கூலியா?" என்று கேட்கும் கடைக்காரர்கள் படக் கணக்கை விட்டுவிட்டு மணிக் கணக்கில் பேசினால் இரு தரப்புக்கும் நல்லது. ஒரே அளவுள்ள காப்புகளைச் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரே அமைப்பில் வரிசையாக எடுத்துவிடலாம், செலவும் குறையும். குத்துவிளக்கையும் மூக்குத்தியையும் ஒன்றாகக் கொண்டுவந்தால் குறையாது. குத்துவிளக்குக்குக் கட்டிய அமைப்பை முழுவதும் பிரித்த பிறகுதான் மூக்குத்திக்குக் கட்டத் தொடங்க வேண்டும்.