520 பவுண்ஸும் அப்பாவின் மானமும்

அப்பாவின் அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம். குசினியில் மாமி உளுந்து அரைத்துக்கொண்டு நிற்கிறா. தானம் கொடுக்கிற சாமான்கள் மேசை முழுக்கப் பரப்பிக் கிடக்க, அண்ணா அன்றைய தபாலைக் கொண்டுவந்து அவற்றுக்கு மேலேயே வைத்துவிட்டுப் போனார். மேலே கிடந்தது, இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற ஊரின் உள்ளூராட்சிச் சபையான கவுன்சிலின் கடிதம். அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘எக்ஸிகியூட்டர்ஸ் ஒஃப் த லேட்’, அதாவது காலஞ்சென்றவரின் சொத்தை நிர்வகிப்பவர்கள், என்று அச்சடித்திருந்தது. எங்கே போனாலும் அரை மணித்தியாலம் முன்னதாகவே போய் நிற்கிற மனுசனை ஒருவர் ‘லேட்’ என்று எழுதியதை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன்.

உள்ளே ரிமைண்டர். கவுன்சில் டாக்ஸ் என்கிற வீட்டு வரிக் கணக்கில் 520 பவுண்ஸ் நிலுவை, முதல் தவணை வரவில்லை, ஏழு நாளுக்குள் வராவிட்டால் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்போம், அதற்குப் பிறகு மஜிஸ்ட்ரேட் கோட்டுக்கு சம்மன். இதற்கு முந்தின பில் எந்த அனுதாப அட்டைக் கட்டுக்குள் போய் ஒளிந்ததோ தெரியாது.

அண்ணா இரண்டு தரம் வாசித்தார். “அப்பா ஒரு சதம் கடன் வைக்காத மனுசன். அவற்ற பேர் கோட்டுக்குப் போறதோ? நான் கட்டுறன்.” அன்றிரவே தன் கார்ட்டில் 520ஐயும் கட்டிவிட்டார்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்வோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த 520இல் ஒரு பென்ஸ்கூட நாங்கள் கட்டவேண்டி இருக்கவில்லை.

அப்பா பிஸ்கட் ரின்னுக்குள் எல்லாப் பில்லையும் அடுக்கி வைத்திருப்பார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ‘கட்டியாச்சு’, பக்கத்தில் திகதி. அந்தியேட்டி முடிந்து சனமெல்லாம் போனபிறகு அந்த ரின்னைத் திறந்து கணக்குப் பார்த்தேன். அம்மா போனபின் தனியாக இருந்தபடியால் அவருக்கு 25 வீதத் தள்ளுபடி. வருஷத்துக்கு 1,600 பவுண்ஸ், ஏப்ரலில் இருந்து ஜனவரிவரை பத்துத் தவணை. நவம்பர் 14இல் அவர் கண்மூடும்போது எட்டுத் தவணை, அதாவது 1,280 பவுண்ஸ், போயிருந்தது. ஆனால் ஏப்ரல் 1இல் இருந்து அன்றுவரைக்கும் நாள் கணக்குப் பார்த்தால் அவர் கட்டவேண்டியது 1,000 மட்டும்தான். செத்த அன்றைக்கு அப்பா கவுன்சிலுக்குக் கடன்காரன் இல்லை, கவுன்சில்தான் அப்பாவுக்கு 280 பவுண்ஸ் கடன்!

பிறகு என்ன நடந்தது? மறுநாள் 15ஆம் திகதியில் இருந்து ஆளில்லாத வீட்டுக்குப் புதுக் கணக்குத் திறந்தார்கள். தள்ளுபடி போனது. மார்ச் முடியுமட்டும் முழுக் கட்டணம் 800. அதற்குள் அப்பாவின் 280ஐயும் போட்டு விழுங்கிவிட்டு, மிச்சம் 520 எங்கே என்று கேட்கிறார்கள். நாங்கள் சொன்னதும் வங்கி கணக்கை முடக்கிவிட்டது, டைரக்ட் டெபிட்டும் நின்றுபோனது. உடனே கணினி ரிமைண்டரைத் துப்பியது.

திங்கட்கிழமை காலையில் நாற்பது நிமிஷம் போனில் காத்திருந்தேன். கடைசியில் ஒரு பெண் எடுத்தா, நல்ல பிள்ளை. “புரோபேட் கிடைத்துவிட்டதா?” என்று கேட்டா. இறந்தவரின் சொத்தைக் கையாளச் சட்டப்படி தருகிற அனுமதி அது. இல்லை என்றேன். “அப்படியென்றால் கிளாஸ் எஃப் விலக்குக்குப் போட்டீர்களா?” அப்படியொன்று இருப்பதே அன்றுதான் தெரியும்.

இறந்தவர் தனியாகச் சொந்தமாக வைத்திருந்த வீடு அவருக்குப் பிறகு வெறுமையாகக் கிடந்தால், புரோபேட் கிடைக்கும்வரை கவுன்சில் டாக்ஸ் இல்லை. கிடைத்தபிறகும் இன்னொரு ஆறு மாதம்வரை இல்லை, அதற்குள் வீடு கைமாறாவிட்டால். தளபாடம் உள்ளே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் நம்மாட்கள் செய்கிற இரண்டு வேலை இதைக் கெடுத்துவிடும். ஒன்று, ‘வீடு சும்மா கிடக்குது, பாதுகாப்பாயும் இருக்கும்’ என்று படிக்கவந்த மருமகனைக் கொண்டுபோய் இருத்துவது. ஆள் குடியிருந்தால் விலக்குப் போச்சு. மற்றது, மோட்கேஜ் எடுக்கும்போது பத்திரத்தில் மகனின் பெயரையும் சேர்த்திருப்பது. அப்போது மகனும் உரிமையாளர், பில் அவர் பேருக்கு வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தகப்பனுக்கு உண்மையிலேயே பாக்கி இருந்தாலும் அவர் விட்டுப்போன சொத்தில் இருந்துதான் கேட்கலாம். சேர்ந்து பொறுப்பாக இல்லாத பிள்ளையின் சம்பளத்தில் கைவைக்க முடியாது. ‘எக்ஸிகியூட்டர்ஸ்’ என்று உறையில் அடித்திருப்பதன் அர்த்தமே அதுதான். அண்ணா அதைத் தன் பெயர் என்று வாசித்தார்.

சட்டத்தில் எனக்குக் குறையில்லை, அது ஈரமுள்ள சட்டம். கடிதத்தில்தான் ஈரமில்லை. மரணத்தைப் பதியப் போனபோது ஒருமுறை சொன்னால் அரச அலுவலகங்களுக்கெல்லாம் அறிவிக்கிற ‘டெல் அஸ் வன்ஸ்’ சேவைக்கு இலக்கம் தந்தார்கள், அன்றே நிரப்பி அனுப்பினோம். கவுன்சிலுக்கும் அறிவித்தல் போனது. போனபடியால்தானே ‘த லேட்’ என்று அடித்தார்கள்? தள்ளுபடியை வெட்டுகிற அளவுக்குத் தெரிகிறது, விலக்கு இருக்கிறது என்று சொல்கிற அளவுக்குத் தெரியவில்லையாம். 1991 ஏப்ரலில் வீட்டுக்கு என்ன பெறுமதியோ அதை வைத்துத்தான் இன்றைக்கும் இந்த வரிக்குப் பேண்ட் (படிநிலை) பிரிக்கிறார்கள். அவ்வளவு ஞாபகசக்தி உள்ளவர்கள்! வீட்டில் ஆள் இருக்கிறதா, வேறு உரிமையாளர் உண்டா என்று அவர்களுக்குத் தெரியாது என்பது சரி. முதல் கடிதத்தில் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

விலக்குக் கிடைத்தது. அண்ணாவின் 520உம் அப்பாவின் 280உம் திரும்பி வந்தன. புரோபேட்டைக் காட்டினால்தான் தருவோம் என்றதால் வந்துசேர ஐந்து மாதம் ஆனது. ஆறு மாதச் சலுகைக்குள் வீடு விற்கவில்லை, அதற்குப் பிறகு வந்த மூன்று மாதப் பில்லை சொத்துக் காசில் கட்டினோம். அண்ணா முணுமுணுத்தார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இருக்க இடமில்லாமல் சனம் அலைகிற ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருந்தால் கட்டத்தான் வேண்டும்.

போனை வைக்குமுன் அந்தப் பெண் சும்மா கேட்டதுபோல ஒன்று கேட்டா: “அம்மாவுக்கு டிமென்ஷியா என்றீர்களே, அப்போது தள்ளுபடி எடுத்தீர்களா?” இல்லை. மூளைத்திறன் கடுமையாகக் குன்றியவர் என்று டாக்டர் எழுதித்தந்து, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்கிற பராமரிப்பு உதவிப்பணம் போல ஒன்றும் எடுத்துக்கொண்டிருந்தால், அவரை அந்த வீட்டில் ஆளாகவே எண்ணமாட்டார்களாம். மிச்சம் இருப்பது அப்பா ஒருவர், ஆகவே 25 வீதம் குறைவு. அம்மா அலவன்ஸ் எடுத்தா. நாலு வருஷமாக அப்பா முழுக்கட்டணத்தையும் கட்டி, ஓரத்தில் ‘கட்டியாச்சு’ என்று எழுதி அடுக்கியிருக்கிறார்.

அந்த நாலு வருஷ பில்லையும் டாக்டரின் கடிதத்தோடு படியெடுத்து, பின்தேதியிட்டுத் தரச்சொல்லி அனுப்பி ஒன்பது கிழமை. பதில் இல்லை. நேற்றிரவு நானும் ஒரு ரிமைண்டர் எழுதினேன், ஏழு நாள் கெடு போட்டு. நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.