எல்லா மீனும் படகு இல்லைங்க

மீன் என்றாலே இரண்டு முனையும் கூர்ந்த படகு வடிவம் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். மத்திக்கும் சூரைக்கும் சரி. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். ஜூன், ஜூலையில் மத்தி கரையோரம் வந்தால் வலை இழுப்பதைப் பார்க்க ஓடுகிற ஆள்.

ஆனால் தட்டையான நாக்கு மீனை எதில் சேர்ப்பீர்கள்? குஞ்சில் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மண்டையைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். போன வாரம் கழுவும்போது பார்த்தேன்: மேலே மண் நிறம், அடியில் வெள்ளை, வாய் கோணல். "யாராவது மிதிச்சிட்டாங்களாம்மா?" என்றாள் மகள்.

1938இல் இங்கே ஈஸ்ட் லண்டன் என்ற ஊர் அருகே வலையில் சிக்கிய சீலகாந்த் என்ற மீனையும் விட்டுவிட்டீர்கள். சதைப்பிடிப்பான தண்டில் துடுப்பு. நாலுகால் பிராணி நடக்கிற மாதிரி மாற்றி மாற்றி அசைக்கும். அதன் படமாவது போட்டிருக்கலாம்.