ரோசா பார்க்ஸுக்கு அன்று கால் வலிக்கவில்லை

ஜனவரி பிறந்தால் போதும், இங்கே அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் வண்ணம் தீட்டும் தாள் ஒன்று பிள்ளைகளின் பையில் வந்துவிடும். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் முகம், தலைக்கு மேல் ஒரு மேகம், அதற்குள் "எனக்கொரு கனவு இருக்கிறது". கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில், வெள்ளைக்காரருக்கு இடம்விட மறுத்துப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் ரோசா பார்க்ஸ். இவர்கள் யார் என்று ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "அந்தப் பாட்டிக்கு வேலை செஞ்சு கால் வலிச்சுது, அதான் எழுந்திருக்கல. அப்புறம் கிங் ஒரு ஸ்பீச் குடுத்தார், எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டாங்க" என்று சொல்லும்.

பெற்றோர்களிடம் நேராகவே சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்குச் சுருக்கிச் சொல்லலாம், சிலவற்றைத் தள்ளிப்போடலாம். ஆனால் கதையையே வேறாக்கிச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

முதலில் அவர் பாட்டியே இல்லை. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸுக்கு வயது 42. அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் ஒரு பல்பொருள் அங்காடியில் தையல் வேலை. கால் வலியால்தான் எழுந்திருக்கவில்லை என்ற கதையை அவரே பின்னாளில் மறுத்திருக்கிறார். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தது என்றார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாண்ட்கோமரி கிளைக்கு 1943 முதலே செயலாளராக இருந்தவர் அவர். அந்த 1943-லேயே, பின்னாளில் அவரை எழச்சொன்ன இதே பேருந்து ஓட்டுநர், முன்வாசலில் ஏறிய அவரை இறங்கிப் பின்வாசல் வழியாக வரச்சொல்லி வண்டியை விட்டே இறக்கிவிட்டிருக்கிறார். அதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஆள் ஓட்டும் வண்டியில் ஏறக்கூடாது என்று இருந்தவர், அன்று முகத்தைக் கவனிக்காமல் ஏறிவிட்டார். அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் இருக்கையிலும் இல்லை. கறுப்பர்களுக்கென்று விட்டிருந்த பகுதியின் முதல் வரிசையில். நின்றுகொண்டிருந்த ஒரே ஒரு வெள்ளைக்காரருக்காக அந்த வரிசையில் இருந்த நான்கு பேரும் எழுந்திருக்க வேண்டும் என்றார் ஓட்டுநர். மூன்று பேர் எழுந்தார்கள்.

இதில் எது ஆறு வயதுக்குப் புரியாது? எல்லாமே புரியும். பேருந்து தெரியும், இடம் பிடிப்பது தெரியும், "எழுந்திரு" என்று ஒருவர் அதட்டினால் எப்படி இருக்கும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. ஒருமுறை போலீஸ் வந்தது என்று சொன்னதும் ஒரு பையன் கையைத் தூக்கினான். "ஆன்ட்டி, அந்த டிரைவரை எத்தனை நாள் ஜெயில்ல வெச்சாங்க?" தப்பு செய்தவரைத்தானே போலீஸ் பிடிக்கும்! பிடித்துக்கொண்டு போனது ரோசாவை என்றேன். அபராதமும் செலவுமாகப் பதினான்கு டாலர் அவர்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது, சட்டம் அப்போது டிரைவர் பக்கம் இருந்தது என்றும் சொன்னேன். வகுப்பு கொதித்துவிட்டது. "அப்ப அந்த சட்டத்தை யாரு எழுதினா?" என்று அடுத்த கேள்வி. பிள்ளைகளின் வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்படுவது இந்தக் கேள்வியைத்தான். கால்வலிக் கதையைச் சொல்லியிருந்தால் இது பிறந்தே இருக்காது.

அதற்கு அடுத்த பகுதியைத்தான் நாம் அநேகமாகச் சொல்வதே இல்லை. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ரோசா கைதான அன்று இரவு அலபாமா மாநிலக் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் தூங்கவில்லை. ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஓட்டினார். "திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள்." பொழுது விடிந்ததும் அவை நகரம் முழுக்கப் போயின. திங்களன்று பேருந்துகள் ஏறக்குறையக் காலியாகவே ஓடின. அன்று பிற்பகல் போராட்டக் குழுவுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அந்த ஊருக்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்த 26 வயது இளைஞர். அவர்தான் கிங்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "பஸ் இல்லாம இத்தனை பேரும் வேலைக்கு எப்படிப் போவாங்க?" பதில்கள் வந்து கொட்டும். நடந்து போகலாம், சைக்கிள், பக்கத்து வீட்டு கார். உண்மையில் நடந்ததும் அதுதான். கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான பத்து சென்ட்டையே வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினார்கள். 45 சென்ட்டுக்குக் குறைத்தால் அபராதம் என்றது நகர நிர்வாகம். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஓட்டினார்கள். அந்தக் கார்களின் காப்பீட்டையே எதிர்த்தரப்பினர் ரத்து செய்ய வைத்தார்கள், போராட்டக்காரர்கள் லண்டன் வரை போய் வேறு காப்பீடு வாங்கினார்கள். பெட்ரோலுக்குப் பணம் வேண்டுமே? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் 'பை' (pie) என்ற பலகாரமும் கோழி வறுவலும் செய்து விற்று, அந்தக் காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். மறுபக்கம் ஒன்று செய்ய, இந்தப் பக்கம் ஒன்று செய்ய, இப்படியே 381 நாட்கள். சதுரங்கம் பார்ப்பதுபோல் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள்.

கடைசியில் பேருந்தில் நிறம் பார்த்து இடம் பிரித்த சட்டத்தைச் செல்லாததாக்கிய வழக்கில் ரோசா பார்க்ஸின் பெயர் இல்லை. அதில் நான்கு பெண்களின் பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருத்தி கிளாடெட் கால்வின். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே இதேபோல் எழ மறுத்துக் கைதான பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு இவளைக் கட்டாயம் சொல்லுங்கள். ஏன் அவளை முன்னிறுத்திப் போராட்டத்தைத் தொடங்கவில்லை என்று கேட்பார்கள். அந்தச் சங்கடமான பேச்சையும் பேசத்தான் வேண்டும்.

"இவ்வளவு சின்ன வயசுல இதெல்லாம் எதுக்கு? நிறத்தைப் பத்தி நாமளே ஏன் மனசுல விதைக்கணும்?" என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. நாம் விதைக்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே முளைத்துவிட்டது. 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளை பொம்மையையும் பழுப்பு பொம்மையையும் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் காட்டியது வெள்ளை பொம்மையை. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பிலேயே இந்த ஆய்வு இடம்பெற்றது. நம் வீட்டில் மட்டும் நிலைமை வேறா? "வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே" என்ற பேச்சைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை எத்தனை?

அலபாமாவின் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து 1963-ல் எழுதிய கடிதத்தில் கிங் தன் மகளைப் பற்றிச் சொல்கிறார். தொலைக்காட்சியில் விளம்பரம் வந்த கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்கிறாள் ஆறு வயது மகள். கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே அனுமதி இல்லை என்பதை விளக்கப் போகும்போது நாக்கு குழறுகிறது என்று எழுதுகிறார். உலகமே கேட்ட அந்தக் குரலுக்கே! அந்தப் பேச்சைத் தள்ளிப்போட அவருக்கு வழியில்லை. நமக்கு இருக்கிறது என்பதாலேயே தள்ளிப்போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

வன்முறையை எப்போது சொல்வது என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். பர்மிங்காமில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள்மீது தண்ணீர் பீய்ச்சியதையும் நாய்களை ஏவியதையும் எட்டு, ஒன்பது வயதில் சொல்கிறேன். தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்ததை அதற்கும் பிறகு. கிங் கொல்லப்பட்டார் என்பதைச் சிறுவயதிலேயே சொல்லலாம், பிள்ளைகளே கேட்பார்கள். அவர் மெம்ஃபிஸுக்குப் போனது குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்க என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் வாழ்ந்தபோது எல்லாருக்கும் பிடித்தவராக இருக்கவில்லை என்பதையும். கேலப் நிறுவனம் 1966-ல் எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேர் அவரைப் பற்றி நல்ல எண்ணம் இல்லை என்றார்கள். சரியானதைச் செய்தால் ஊரே கைதட்டும் என்று நம்பி வளரும் பிள்ளை, கைதட்டல் வராத முதல் நாளிலேயே சோர்ந்துவிடும்.

"இது நம்ம வரலாறு இல்லையே" என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேருக்குத்தான் இங்கே குடியேற இடம். பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை வடிகட்டும் அந்த முறையை ஒழித்தது 1965 குடியேற்றச் சட்டம். அது வந்தது நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு, கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காத்த சட்டம் வந்த அதே ஆண்டு. கறுப்பின மக்களின் உரிமை இயக்கம் நாட்டின் மனசாட்சியை உலுக்கியிராவிட்டால் அந்தக் கதவு அப்போது திறந்திருக்குமா? நம்மில் முக்கால்வாசிப் பேர் உள்ளே வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைப்பது நன்றிகெட்டதனம்.

பிப்ரவரியில் சில பள்ளிகளில் மாறுவேடம் கேட்பார்கள். கண்ணாடியும் கொண்டையுமாக இன்னொரு ரோசா பார்க்ஸ் வேண்டாம். உங்கள் பெண்ணை ஜோ ஆன் ராபின்சனாக அனுப்புங்கள். கையில் ஒரு கட்டுத் துண்டறிக்கை போதும், முந்தின இரவு உட்கார்ந்து அவளே எழுதட்டும். "யார் இது?" என்று வகுப்பில் கேட்பார்கள். அவள் சொல்லட்டும்.