சாக்லேட் கேக்கோடு சோத்தெர்ன் ஊற்றியவர்களுக்கு

சனிக்கிழமை விருந்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதி முடித்துவிட்டீர்கள். வீடியோவையும் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. "இருமல் மருந்து கொண்டுவந்த அண்ணன்" என்று எனக்குப் பட்டமும் கிடைத்துவிட்டது. நன்றி. இனி நான் பேசலாமா?

நான் கொண்டுவந்தது சோத்தெர்ன், பிரான்ஸில் அதே பெயருள்ள ஊரின் இனிப்பு வெள்ளை வைன். கையில் கொடுக்கும்போதே சொன்னேன்: நன்றாகக் குளிரவைத்து, கோழி பரிமாறும்போது திறவுங்கள், கேக்குக்கு வேண்டாம் என்று. தலையை ஆட்டினீர்கள். பிறகு சாக்லேட் கேக் வெட்டி, பிளாஸ்டிக் குவளையில், வெதுவெதுப்பாக ஊற்றிக் குடித்துவிட்டுக் கமராவைப் பார்த்து முகம் சுளித்தீர்கள்.

இனிப்பு வைன் இனிப்புப் பண்டத்துக்கு அல்ல. உப்புக்கும் கொழுப்புக்கும்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கேக் வைனைவிட இனிப்பாக இருந்தால், வைனின் இனிப்பு நாக்குக்குத் தெரியாது. வெறும் புளிப்பும் கசப்பும் மிஞ்சும். ஒரு லீற்றர் சோத்தெர்னில் 120 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். அப்படியிருந்தும் அது திகட்டாததற்குக் காரணம் உள்ளே இருக்கும் புளிப்பு. அதற்கு எதிரே நிற்க ஏதாவது வேண்டும். ரொக்ஃபோர் சீஸின் உப்பு நிற்கும். வாத்து ஈரலின் கொழுப்பு நிற்கும். ஓவனில் வாட்டிய கோழியின் மொறுமொறுத்த தோல் நிற்கும். சோத்தெர்ன் ஊர்த் திராட்சைத் தோட்டத்துக்காரர்களே பலர் கோழியோடு விரும்பிக் குடிக்கிறார்கள். சாக்லேட் நிற்காது. மறுபடியும் சொல்கிறேன், நிற்காது.

வாத்து ஈரல் பாவம் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். ஈரல் கொழுக்க வாத்துக்குக் குழாய் வைத்துத் தீனி திணிப்பதை நியாயப்படுத்த எனக்கு வாய் வராது. விடுங்கள், ரொக்ஃபோர் போதும். குடியைப் பற்றி எழுதலாமா என்று கேட்டவருக்குப் பதில் இல்லை. அவர் அன்று குடித்ததை நான் பார்த்தேன்.

"ருசி அவரவர் விருப்பம்" என்கிறவர்கள்தான் அதிகம். சரி, விருப்பம்தான். ஆனால் நீங்கள் ருசி பார்த்தது எதை? கேக்கின் மிச்சத்தை. அதை வைத்து ஓர் ஊரின் உழைப்புக்கே தீர்ப்பு எழுதினால் எப்படி?

அந்த உழைப்பு என்னவென்று தெரியுமா? பிரான்ஸின் போர்தோ நகருக்குத் தென்கிழக்கே, சிரோன் என்ற சிற்றாறு கரோன் ஆற்றில் விழுகிறது. இலையுதிர் காலத்தில் சிரோனின் குளிர்ந்த நீர் கரோனின் வெதுவெதுப்பில் கலக்க, காலையில் மூடுபனி எழும்பும். அந்த ஈரத்தில் திராட்சையில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணம் பிடிக்கும். பிற்பகல் வெயில் அதைக் காயவைக்கும். தோலில் நுண்துளை விழுந்து நீர் வற்ற, சர்க்கரையும் புளிப்பும் செறிந்து நிற்கும். எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் பிடித்துவிடாது. ஆட்கள் அதே வரிசைக்குத் திரும்பத் திரும்பப் போய், சுருங்கிய பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். 1855ஆம் ஆண்டு போர்தோ வைன் தரப்பட்டியலில் மற்றவற்றுக்கு மேலே தனிப்படி பெற்ற ஷத்தோ டிகெம் என்ற சோத்தெர்ன் தோட்டத்தில், ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் வைன்தான் என்பார்கள். 2012 விளைச்சல் தரம் போதவில்லை என்று அவ்வாண்டு வைனை அவர்கள் வெளியிடவே இல்லை. கெட்டுப்போகிற பழத்துக்கு அவர்கள் காட்டுகிற பொறுமையில் ஒரு துளியைக்கூட நாம் ஒரு கிளாஸ் வைனுக்குக் காட்டவில்லை.

விலை கூடியதை ஏன் கொண்டுவந்தாய் என்றும் கேட்டீர்கள். நான் ஒன்றும் டிகெம் கொண்டுவரவில்லை. அதற்கு என் சம்பளம் போதாது. விலை இடித்தால் கரோனின் எதிர்க்கரையில் லூப்பியாக் என்ற ஊரின் இனிப்பு வைன் இருக்கிறது, வாங்கிப் பாருங்கள்.

என்னைத் தைத்தது இவை எதுவும் இல்லை. "கோப்பை கழுவியவர் வைன் பாடம் எடுக்கிறார்" என்ற அந்த ஒரு வரி. அதற்கு விழுந்த விருப்பக்குறிகளையும் பார்த்தேன். யார் யார் என்றும் பார்த்தேன்.

ஆம், கோப்பை கழுவினேன். பாரிஸில் கால் ஊன்றிய நம்மில் எத்தனை பேர் அந்தத் தொட்டியருகே நிற்காமல் வந்தோம்? அங்கேதான் படித்தேன். நள்ளிரவில் அடுப்பை அணைத்தபின், தலைமைச் சமையற்காரர் போத்தலின் அடியில் மிஞ்சியதை ஊற்றி, ஒரு துண்டு ரொக்ஃபோரோடு என்னிடம் நீட்டுவார். முதலில் சீஸ், பிறகு வைன் என்று விரலால் காட்டுவார். எனக்கு அப்போது பிரெஞ்சு வராது. கோப்பை கழுவுகிறவனுக்கு இது எதற்கு என்று அந்த வெள்ளைக்காரர் ஒருநாளும் நினைக்கவில்லை. அதை நினைக்க நம்மவர்கள்தான் வேண்டியிருந்தது.

கருத்துப்பெட்டியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். பதில் எழுத விரும்புகிறவர்கள் ரொக்ஃபோர் வாங்கி, சோத்தெர்னைக் குளிரவைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள். கேக்கோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. காலையில் வேலை.