ஹைப்பரா, ஹைப்போவா?

மருத்துவ ஆங்கிலத்தில் எனக்குத் தீராத எரிச்சல் தருவது இந்த ஹைப்பர், ஹைப்போ ஜோடிதான். இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆங்கில எழுத்தில் முதல் மூன்றும் அச்சு அசல் ஒன்று. பொருளோ நேர் எதிர்: ஒன்று மிகை, மற்றது குறை.

தைராய்டையே பாருங்கள். ஹைப்போவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை, ஹைப்பருக்கு கார்பிமசோல் மாத்திரை. ஒன்று குறைந்துபோன தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டுகிறது, மற்றது சுரப்பதைக் கட்டுப்படுத்துகிறது. சரி, ரிப்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அங்கே இன்னும் குழப்பம். தைராய்டு சோர்ந்துபோனால் அதை விரட்டி வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்ஹெச் என்ற தூண்டும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அதனால் ஹைப்போதைராய்டில் பெரும்பாலும் ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் எண் ஏறியிருக்கும். எண் அதிகம், நோயின் பெயர் குறைவு! வீட்டில் இருக்கிற பெரியவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

சர்க்கரையில் இது இன்னும் ஆபத்து. ரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஹைப்போகிளைசீமியா. உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டும். ஹைப்பர் என்றால் அதே சர்க்கரைத் தண்ணீர் நிலைமையை மோசமாக்கும். பதற்றத்தில் போனில் சொல்லும்போது அந்தக் கடைசி ஓசை யார் காதில் சரியாக விழும்?

மருந்துச் சீட்டில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ‘குறைவாகச் சுரக்கிறது’ என்று தமிழில் இரண்டு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?