இரு காதுகளையும் மூடும் ஹெட்செட் குறித்து ஒரு திருத்தம்
அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுவோர் இரைச்சல் நீக்கும் வசதியுடன் இரு காதுகளையும் மூடும் ஹெட்செட்டை வாங்கிவிட்டால் சட்டச் சிக்கலே இராது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. 2012 ஜனவரி 3 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விதி, வணிக வாகன ஓட்டுநர் கைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவதையும், ஒன்றுக்கு மேற்பட்ட பொத்தான்களை அழுத்தி அழைப்பதையும், சீட் பெல்ட்டுடன் அமர்ந்த நிலையிலிருந்து விலகி அதை எட்டி எடுப்பதையும் தடுக்கிறது; காதுகளைப் பற்றி அவ்விதி எதுவும் சொல்வதில்லை. அதைச் சொல்பவை மாநிலச் சட்டங்கள். கலிபோர்னியாவில் இரு காதுகளிலும் ஹெட்செட் அணிந்து வண்டி ஓட்டக்கூடாது. எனவே பல மாநிலங்களைக் கடந்து செல்பவருக்கு ஒற்றைக் காது வகையே பொருந்தும்.

'இரைச்சல் நீக்கம்' என்ற சொல்லும் குழப்பம் தருகிறது (பெட்டியில் அச்சிடுபவர்களுக்கு இந்தக் குழப்பம் வசதிதான்). அது அணிந்திருப்பவரின் காதுக்கு வரும் ஒலியைக் குறைப்பதாகவும் இருக்கலாம், மைக்கில் புகும் எஞ்சின் ஓசையை வடிகட்டி எதிர்முனையில் இருப்பவருக்குப் பேச்சைத் தெளிவாக்குவதாகவும் இருக்கலாம். லாரிக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கு வாய்க்கு அருகே நீளும் தண்டுடன் கூடிய மைக் பெரிதும் உதவும். முதலாவதோ, பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரனையும் நம் வண்டியின் டயரிலிருந்து எழும் புதிய சத்தத்தையும் சேர்த்தே மங்கச் செய்துவிடக்கூடும்.