எபேசுவுக்குச் சொன்னது எங்கள் வீட்டுக்கும்

ஆண்டவர்மேல் ஆரம்பத்தில் இருந்த முதல் அன்பு தணிந்துபோவதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது எங்கள் வீட்டுக் கதைதான். பெரம்பூரில் ஞாயிறு ஆராதனையை நாங்கள் தவறவிட்டதில்லை. ஆனால் இரவு குடும்ப ஜெபம் நின்று மூன்று வருடம் ஆகிவிட்டது, யாரும் கவனிக்கக்கூட இல்லை. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 2-ம் அதிகாரத்தில், எபேசு நகரத்துக் கிறிஸ்தவ சபையின் உழைப்பையும் பொறுமையையும் ஆண்டவர் முதலில் பாராட்டுகிறார், அப்புறம்தான் ஆதி அன்பை விட்டதைச் சொல்கிறார். அப்படியென்றால் சபை வேலையாக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இது நடக்கும். கட்டுரையில் இதையும் சேர்த்திருக்கலாம்: பழைய உணர்ச்சி திரும்ப வரும்வரை காத்திரு என்று அந்த வேதப்பகுதியில் இல்லை. நினைத்துப் பார், மனந்திரும்பு, முன்பு செய்ததைச் செய் என்றுதான் இருக்கிறது. சரி என்று போன வாரம் பாயை விரித்து உட்கார்ந்தோம். ஒரு சங்கீதம், பத்து நிமிடம். அம்மா பாடத் தொடங்கியதும் பையன் தானாகவே போனை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.